காப்பு விளக்கு யாரைக் காத்தது?

தமிழர் கூடும் எந்த அரங்கிலும் முதற்கருமம் விளக்கேற்றலாகவே இருக்கின்றது. மங்கல விளக்கு ஏற்றப்பட்ட பின்னரே தலைமையுரை. அதன் பின்னரே ஏனையவை. ஒளி நன்மையென்றும் இருள் தீமையென்றும், ஒளியைக் கொணர்ந்தோர் அனைவரும் மனிதகுலத்தின் உபகாரிகளென்றும் கொள்ளும் மனப்பாங்கு இம்மரபுடன் கூடவே வளர்ந்துள்ளது. இம்மனப்பாங்கு கவிதைக்குப் பொருந்தலாம். வரலாற்றுக்கும் பொருந்துமா என்பதே கேள்வி.

விஞ்ஞானப் பாடம் கற்ற எவரும் டேவியின் காப்பு விளக்கு என்னும் பெயரை அறிவர். சேர் ஹம்பிறி டேவி என்னும் இரசாயனவியலாளர் 1815 இல் அதனை அமைத்தார். அதனாற் சுரங்கத் தொழிலாளரின் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. இவ்விரு கூற்றுகளும் வழமையாக ஒரே மூச்சிற் சொல்லப்படுகின்றன. முதலாவது கூற்று உண்மை. இரண்டாவதோ, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டமையால் உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிட்ட ஒன்று. நீரும் வாயுவும் தூசியும் நிறைந்த இடங்களில் உழைப்போருக்கு இன்று வழங்கப்படும் மின்விளக்குகள் பற்றியும் இதே கூற்று சொல்லப்படுகின்றது. ஆதலின் அதனைப் பரிசோதிப்பது பழங்கதையைக் கிளறுவதாகாது.

வாயுவும் சுவாலையும்

நிலக்கரிப் படைகளில் அடைபட்டுக் கிடக்கும் மெதேன் வாயு, கரி வெட்டப்படும்போது வெளியேறி வளியுடன் கலக்கின்றது. வளியில் அதன் அளவு ஏறத்தாழ 5 சதவீதத்துக்கும் 15 சதவீதத்துக்கும் இடைப்பட்டிருக்கையில், சுரங்கத்தை வெடிக்கச் செய்வதற்கு ஒரு சிறு சுவாலையே போதுமானது. மெழுகுதிரியின்றிக் கரி வெட்ட முடியாது. மெழுகுதிரியுடன் வெட்டினால் உயிர் தப்பும் என்பதற்கு உறுதியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இம்முரண்பாட்டுக்குக் காணப்பட்ட தீர்வுகள் பரிதாபத்துக்குரியவை. சுழலும் உருக்குச் சில்லொன்றின்மீது தீக்கல்லை அழுத்தி, அதிலிருந்து சிதறும் பொறிகளின் வெளிச்சத்தில் வேலை செய்தனர். அச்சில்லைச் சுற்றுவதற்கெனச் சிறுவர் அமர்த்தப்பட்டனர். அழுகும் மீன்தோலிலிருந்து எழும் மங்கலான ஒளியிற்கூடக் கரி வெட்ட முயன்றதுண்டு. உருக்குச் சில்லின் பொறியும் வெடிப்பை உண்டாக்கும் என்பது உயிர்கள் போன பின்னரே ஒப்புக்கொள்ளப்பட்டது.

மாண்டோரின் தொகை வெளியுலகுக்குத் தெரியாதிருப்பதிற் சுரங்கச் சொந்தக்காரர் கவனமாயிருந்தனர். 1767 இல் நியூகாசில் நகரப் பத்திரிகையொன்று, இத்தகைய விபத்துகளைப் பெரிதாகக் குறிப்பிட வேண்டாமெனத் தன்னிடம் கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளதாகத் தானே எழுதிற்று. இம்மௌனம் 1812 ஆம் ஆண்டில் உடைந்தது. அவ்வாண்டு மே 25 ஆந் திகதி அந்நகருக்கு அண்மையிலுள்ள பெலிங் சுரங்கம் வெடித்து 92 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். உள்ளே எரிந்த நெருப்பை அணைப்பதற்காகச் சுரங்கவாய்கள் அடைக்கப்பட்டன. ஆறு வாரங்களின் பின்னரே உடல்களை மீட்கும் வேலை தொடங்கிற்று. அவ்விடத்து மதகுருவாகிய ஜோன் ஹொட்ஜ்சன், சொந்தக்காரரின் மனக்கசப்பைப் பொருட்படுத்தாது, விபத்தின் விபரங்களையும் இறந்தோரின் பெயர்களையும் அச்சிட்டு வெளியிட்டார். அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியே, சுரங்க விபத்துகளைத் தடுப்பதற்கான சங்கமொன்று 1813 இல் சண்டர்லாந்தில் அமைவதற்கும், இரண்டு ஆண்டுகளின் பின் டேவியின் உதவி நாடப்படுவதற்கும் காரணமாயிற்று. காப்பு விளக்கின் வரலாறு இலண்டன் ஆய்வுகூடத்தில் தொடங்கியதாகக் கூறுவோர், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே அச்சான அந்தப் பெயர்ப் பட்டியலை மறந்துவிடுகின்றனர்.

விளக்கின் தத்துவம் எளியது, அழகானதும்கூட. சுவாலையைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை அமைக்கப்பட்டுள்ளது. வாயு வலையினூடாக உட்சென்று எரியலாம். ஆனால் எரியும் வாயு வெளியேற முயலும்போது உலோகக் கம்பிகள் அதன் வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால், வெளியிலுள்ள வாயுவைப் பற்றவைக்கும் வெப்பம் அதற்கு எஞ்சுவதில்லை. டேவி இதற்குக் காப்புரிமை பெற மறுத்தார் என்பதும் அவரது பெருமைக்குரியதே. சண்டர்லாந்து வைத்தியரான கிளானி டேவிக்கு முன்னரே ஒரு விளக்கை அமைத்திருந்தார். கில்லிங்வேர்த் சுரங்கத்தின் இயந்திரத் தொழிலாளியாகிய ஜோர்ஜ் ஸ்டீவன்சன், டேவி தமது கட்டுரையை வாசிப்பதற்குச் சில வாரங்கள் முன்னர், 1815 ஒக்டோபரில், தாம் செய்த விளக்கைத் தம் கையாலேயே வாயு நிறைந்த இடத்துக்கு ஏந்திச் சென்று பரீட்சித்தார். முறையான கல்வி பெறாத ஒருவர் இத்தகைய விளக்கைத் தாமாகவே கண்டுபிடித்திருக்க முடியுமென்பதை டேவி ஏற்கவில்லை. கரிச் சொந்தக்காரர் 1817 இல் டேவிக்கு ஏறத்தாழ 2000 பவுண் பெறுமதியான வெள்ளிப் பாத்திரங்களை வழங்கினர். ஸ்டீவன்சனின் ஆதரவாளர் அவருக்கு 1000 பவுண் திரட்டினர்.

யார் முதலிற் கண்டுபிடித்தார் என்னும் இப்பிணக்கு பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. விளக்கு கைக்கு வந்த பின் அதை ஏந்தியவனுக்கு என்ன நேர்ந்தது என்பது பற்றி எழுதப்பட்டதோ மிகக் குறைவு. அக்கேள்விக்கு விடை பிரித்தானியப் பாராளுமன்றத்தின் ஏடுகளிலேயே உள்ளது.

விளக்கு திறந்த வாயில்கள்

1835 இற் சுரங்க விபத்துகளை ஆராய்ந்த பாராளுமன்றத் தெரிவுக்குழு ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. டர்ஹாம், நோதம்பர்லாந்து ஆகிய இரு மாவட்டங்களிலும், விளக்கு அறிமுகமாவதற்கு முற்பட்ட 18 ஆண்டுகளிற் சுரங்கங்களில் மாண்டோர் 447 பேர். விளக்கு அறிமுகமான பின் வந்த 18 ஆண்டுகளில் மாண்டோர் 538 பேர். அவ்வறிக்கை வெளிவந்த அதே ஆண்டு யூன் மாதத்திலேயே அப்பிரதேசத்தின் வோல்சென்ட் சுரங்கம் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

காரணம் மறைவானதன்று. விளக்கு வருமுன் வாயு மிகுந்த பகுதிகள் கைவிடப்பட்டிருந்தன. மேற்றளத்தைத் தாங்குவதற்கென விடப்பட்ட கரித்தூண்களைத் தொடுவதற்கு எவரும் துணியவில்லை. விளக்கு வந்ததும், கைவிடப்பட்ட சுரங்கங்கள் திறக்கப்பட்டன, தூண்கள் வெட்டப்பட்டன, மேலும் ஆழமான படைகளுக்குத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். காற்றோட்டத்துக்கெனப் புதிய வாய்களைத் தோண்டுவது பெருஞ்செலவு; கம்பிவலை விளக்கோ மலிவு. செலவு மிகுந்த காப்பின் இடத்தை மலிவான காப்பு பிடித்துக்கொண்டது. ‘விளக்கு இருக்கின்றதே’ என்பது சொந்தக்காரரின் விடையாயிற்று. அபாயத்துக்குள் மனிதரை மேலும் தூரம் செலுத்துவதற்கான அனுமதிப் பத்திரமாகவே காப்பு விளக்கு தொழிற்பட்டது.

அவ்விளக்குத்தானும் குறைபாடற்றதன்று. கம்பிவலை ஓரிடத்திற் பழுதுபட்டாலே போதும், சுவாலை வெளியேறிவிடும். விரைவான காற்றோட்டத்திலும் சுவாலை வலையைக் கடந்து செல்லும். காற்றோட்டத்தை அதிகரித்தால் வாயு குறையும், ஆனால் விளக்கு அபாயமாகும். காற்றோட்டத்தைக் குறைத்தால் விளக்குக் காக்கும், ஆனால் வாயு பெருகும். இந்நிலையில், சாதாரண டேவி விளக்கு காற்றோட்டத்திற் பாதுகாப்பற்றது என்பதை அரச ஆணைக்குழுவொன்று அறுதியிட்டுக் கூறியது 1886 இல். அதற்கேற்பச் சட்டம் வந்தது 1887 இல். விளக்குச் சுரங்கத்துக்குட் புகுந்து எழுபது ஆண்டுகளின் பின்!

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அது செவிமடுக்கத் தக்கது. அப்பதினெட்டு ஆண்டுகளில் கரி உற்பத்தியும் தொழிலாளர் தொகையும் பெருகின. ஆகவே வெட்டப்பட்ட கரியின் தொன் அளவுடன் ஒப்பிட்டால் விளக்கு உயிரிழப்பைக் குறைத்ததாகவே கொள்ள வேண்டும் என்பர். கணக்கு அவ்வாறு அமையக்கூடும் என்பதை ஏற்கலாம். ஆனால் எந்த அலகினாற் கணக்கிடப்படுகின்றது என்பதே கணக்கின் பக்கச்சார்பைக் காட்டிவிடுகின்றது. தொன் கணக்குச் சந்தைக்குரியது. விதவையின் வீட்டிற் கணக்கு ஆள்கணக்காகவே இருக்கின்றது. விளக்கினாற் குறைந்த அபாயம், கூடிய கரியாக மாற்றப்பட்டது. அக்கரியின் இலாபம் ஒரு பக்கத்துக்கும் எஞ்சிய அபாயம் மறுபக்கத்துக்கும் பங்கிடப்பட்டது. விஞ்ஞானம் ஈட்டித் தந்த நன்மை எவர் கையிற் சேர்ந்தது என்பதைத் தீர்மானித்தது கம்பிவலையின் துவாரங்களல்ல. சுரங்கத்தின் உடைமை உறவே.

‘தொழிலாளியின் கவனயீனம்’

இன்னொரு மறுப்பு இதைவிட வழமையானது; இதைவிட நேர்மைக் குறைவானது. தொழிலாளரே விளக்குகளைத் திறந்தனர். வெறுஞ் சுவாலையை விரும்பினர். ஆகவே தம் சாவுக்குத் தாமே பொறுப்பாளிகள் என்பது அது.

தொழிலாளர் விளக்குகளைத் திறந்தது உண்மை. ஏன் திறந்தனர்? டேவி விளக்கின் ஒளி மெழுகுதிரியின் ஒளியில் ஒரு சிறு பங்கு மாத்திரமே. கூலியோ நாளுக்கன்று, வெட்டிய கரியின் அளவுக்கே கொடுக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத கரியை வெட்ட முடியாது. கல்லும் கரியும் கலந்து அனுப்பினாற் கூலி பிடிக்கப்படும். மங்கிய ஒளியிற் பாதுகாப்பாகப் பட்டினி கிடப்பதா, தெளிந்த ஒளியில் ஆபத்துடன் உண்பதா என்னும் தெரிவே அவர்களுக்கு விடப்பட்டது. இத்தெரிவை அமைத்தவர் எவர் என்று கேளாது, அதற்குட் சிக்கியவனின் குணத்தை ஆராய்வது ஒழுக்கவியலன்று. விளக்கைத் திறப்பது குற்றமாக்கப்பட்டது. விளக்குகளுக்குப் பூட்டுகள் பொருத்தப்பட்டன. திறந்தவனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கூலிமுறை மாத்திரம் தண்டனைக்குட்படவில்லை.

ஒளி ஒரு செலவினமாகவே கணிக்கப்பட்டது என்பதற்கு 1842 ஆம் ஆண்டின் சிறுவர் தொழில் ஆணைக்குழு அறிக்கையும் சான்று. காற்றோட்டக் கதவுகளைத் திறந்து மூடுவதற்கு அமர்த்தப்பட்ட பிஞ்சுக் குழந்தைகள், நாள் முழுவதும் விளக்கின்றி இருளிலேயே இருந்ததை அது பதிவுசெய்துள்ளது. கதவைத் திறப்பதற்கு ஒளி தேவையில்லை. ஆதலாற் குழந்தைக்கு ஒளி கொடுக்கப்படவில்லை. உற்பத்திக்கு வேண்டிய இடத்தில் விளக்கு. மனிதனுக்கு வேண்டிய இடத்தில் இருள்.

மங்கிய ஒளி கண்களையும் விட்டுவைக்கவில்லை. நீண்டகாலம் சுரங்கத்தில் உழைத்தோரின் கண்மணிகள் நிலைகொள்ளாது அதிரலாயின, பார்க்கும் பொருள்கள் ஆடின, தலைசுற்றல் உண்டாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயின் காரணம் பற்றி வைத்தியர் இரு கட்சியாயினர். படுத்தும் சாய்ந்தும் வேலை செய்யும் உடல்நிலையே காரணம் என்றது ஒரு கட்சி. காப்பு விளக்கின் போதாத ஒளியே காரணம் என்றது மறு கட்சி. உடல்நிலையே காரணமெனின் விளக்கை மாற்ற வேண்டியதில்லை என்பதை வாசகர் கவனிப்பாராக. 1907 முதல் இந்நோய்க்கு நட்டஈடு பெறும் உரிமை பிரித்தானியாவில் வழங்கப்பட்டது. ஒளிக்குறைவே இதற்கு அடிப்படைக் காரணம் என ஆராய்ச்சிக் குழுவொன்று முடிவுகூறியது 1922 இல். அதுவரையில் எத்தனை கண்கள் தங்கள் ஒளியை இழந்தன!

பேசும் விளக்கும் பேசாத விளக்கும்

இத்தனை குறைகளுடனும் அந்தச் சுவாலை விளக்கிடம் ஒரு பண்பு இருந்தது. மின்விளக்கு வரலாற்றை எழுதுவோர் அதனைப் போதியளவு கருத்திற் கொள்வதில்லை. அது பேசிற்று. வளியில் மெதேன் கலந்திருக்கும்போது, தாழ்த்தப்பட்ட சுவாலையின்மீது நீலநிறத் தொப்பியொன்று தோன்றும். வாயு கூடக் கூடத் தொப்பி உயரும். அனுபவம் மிக்க தொழிலாளி அதன் உயரத்தைக் கொண்டே வாயுவின் அளவை மட்டிட்டான். ஒட்சிசன் குறைந்த இடத்திற் சுவாலை வாடி அணைந்தது. தன்னைச் சூழ்ந்துள்ள ஆபத்தை அறியும் கருவி தொழிலாளியின் கையிலேயே இருந்தது.

அறிவு அவன் கையில் இருந்தது; அதிகாரம் இருக்கவில்லை. நீலத் தொப்பியைக் கண்டவன் கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினால், அன்றைய கூலியை இழந்தான். வேலையையே இழக்கவும் கூடும். தொழிற்சங்கங்கள் இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தன. தொழிலாளர் தம்முள் இருவரைத் தெரிந்து சுரங்கத்தைப் பரிசோதிக்கச் செய்யும் உரிமையைப் பிரித்தானியாவின் 1872 ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் வழங்கியது. அப்பரிசோதகரின் செலவையும் தொழிலாளரே ஏற்க வேண்டியிருந்தது. ஆயினும், பார்ப்பதற்கும் பார்த்ததை எழுதுவதற்கும் ஆன உரிமை என்ற வகையில், அச்சட்டத்தின் அச்சிறு பிரிவு எந்தக் கம்பிவலையையும் விடப் பெரிய கண்டுபிடிப்பு எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் மின்விளக்கு சுரங்கத்துக்குட் புகுந்தது. தலையிற் பொருத்தப்படும் மின்விளக்கின் ஒளி பன்மடங்கு பிரகாசமானது. கண்நோயும் அதனாற் குறைந்தது. இந்நன்மையை மறுப்பது நியாயமாகாது. ஆனால் மின்குமிழ் வாயுவைப் பற்றி எதுவும் கூறாது. மெதேன் 1 சதவீதமாயினும் 10 சதவீதமாயினும் அது ஒரே மாதிரியே ஒளிரும். வாயுவை அறியும் பொறுப்பு தொழிலாளியின் கையிலிருந்து மேற்பார்வையாளரின் கருவிக்கும், பின்னர் இயந்திரத்திற் பொருத்தப்பட்ட மானிக்கும் சென்றது. கண் தெளிந்தது, காது அடைபட்டது.

மின்சாரம் தன்னுடன் வேறொரு அபாயத்தையும் கொணர்ந்தது. 1913 ஒக்டோபர் 14 ஆந் திகதி தென் வேல்சிலுள்ள செங்கனித் சுரங்கம் வெடித்து 439 சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். பிரித்தானியச் சுரங்க வரலாற்றில் இதுவே மிகப் பெரிய அழிவு. அதே சுரங்கம் 1901 இலும் வெடித்து 81 பேரைப் பலிகொண்டிருந்தது. வெடிப்பின் மூலகாரணம் அறுதியாக நிறுவப்படவில்லை. சமிக்ஞை மணிக்கான மின்கம்பிகளிலிருந்து எழுந்த பொறி, விசாரணையில் ஆராயப்பட்ட காரணங்களுள் ஒன்று. நிறுவப்பட்டவை வேறு சில. காற்றோட்டத்தை எதிர்த்திசைக்குத் திருப்பும் வசதி 1913 சனவரிக்குள் அமைக்கப்பட வேண்டுமெனச் சட்டம் கூறிற்று. தவணை செத்தெம்பர் வரை நீடிக்கப்பட்டது. அப்போதும் அது அமைக்கப்படவில்லை. முகாமையாளருக்கு 24 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. கம்பனிக்கு, மேன்முறையீட்டின் பின்னரே, 10 பவுண். முகாமையாளரின் தண்டத்தை மாண்டோரின் தொகையாற் பிரித்து, ஓர் உயிரின் விலை ஒரு சிலிங்கும் ஒரு பென்சும் சொச்சமும் எனத் தொழிலாளர் சார்பான பத்திரிகை கணக்கிட்டது. சட்டம் விதித்த விலை அதுவாயின், விளக்கின் விலையைவிட உயிரின் விலை மலிவாகவே இருந்தது.

முத்திரை பெற்ற மின்குமிழ்

‘இவை யாவும் பழைய காலம், இன்று தராதரங்கள் உள்ளன’ என்பது இறுதி மறுப்பு. தராதரங்கள் உள்ளன என்பது உண்மை. ஈரமும் தூசியும் உள்ள இடங்களுக்கான விளக்குகளில் ‘ஐ.பி.’ என்னும் எழுத்துகளும் அவற்றையடுத்து இரண்டு இலக்கங்களும் பொறிக்கப்படுகின்றன. முதலாம் இலக்கம் தூசியும் திண்மப் பொருள்களும் உட்புகாமைக்கானது. இரண்டாம் இலக்கம் நீர் உட்புகாமைக்கானது. ‘65’ எனின், தூசி அறவே புகாது, எப்பக்கத்திலிருந்தும் பீச்சப்படும் நீர் தீங்கு செய்யாது என்பது பொருள். எரியக்கூடிய வாயு நிலவும் இடங்கள், அவ்வாயு எவ்வளவு காலம் நிலவும் என்பதைப் பொறுத்து 0, 1, 2 என வலயங்களாக வகுக்கப்படுகின்றன. விளக்கின் மேற்பரப்பு அடையக்கூடிய உச்ச வெப்பநிலையும் வகுக்கப்பட்டுள்ளது. ‘ரி1’ எனின் 450 பாகை செல்சியசு, ‘ரி6’ எனின் 85 பாகை. தீத்தாங்கு விளக்கின் தடித்த உறையினுள் வெடிப்பு நிகழ்ந்தாலும், ஒடுங்கிய மூட்டு இடைவெளிகளினூடாக வெளியேறும் வாயு குளிர்ந்துவிடும். டேவியின் கம்பிவலைத் தத்துவம் இன்னும் மறையவில்லை.

ஆனால் இம்முத்திரைகள் கூறுவது யாது? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் அவ்விளக்கு எவ்வாறிருந்தது என்பதை மாத்திரமே. இறப்பர் அடைப்பு வெடித்துப்போனால் ‘65’ வெறும் எண். ஒரு திருகாணி தவறினால் தீத்தாங்கு உறை வெறும் இரும்பு. குறித்த வலுவிலும் கூடிய மின்குமிழைப் பொருத்தினால் வெப்ப வகுப்பு பொய். அடைப்பு மாற்றப்பட்டதா, திருகாணி இறுக்கப்பட்டதா என்பவற்றை முத்திரை கூறாது. அவற்றை அன்றாடம் பார்ப்பவன் அவ்விளக்கின் கீழ் நிற்பவனே. முத்திரையின் எழுத்துகளுக்குப் பொருள் இன்னதென அவனுக்கு அவனது மொழியிற் சொல்லிக்கொடுக்கப்படாவிடின், அவை அலங்காரக் கோலங்களாகவே எஞ்சும்.

ஈரமான இடங்களின் நிலையும் இதுவே. ஈரத்தோலின் மின்தடை உலர்ந்த தோலினதிலும் பன்மடங்கு குறைவு. 230 வோல்ற்று மின்னில் எரியும் கைவிளக்கொன்றை, வியர்த்த உடலுடன் உலோகக் கொதிகலத்தினுள் ஏந்திச் செல்பவனைச் சுற்றி எப்பக்கமும் மின்னுக்கு வழியுண்டு. இத்தகைய ஒடுங்கிய ஈர இடங்களில் 25 வோல்ற்று அல்லது அதிலும் குறைந்த மின்னழுத்தமே பயன்படுத்தப்பட வேண்டும் என்பது மின் பொறியியலில் நீண்டகாலம் அறியப்பட்ட விதி. அதற்குத் தேவை ஒரு மாற்றி மாத்திரமே. அம்மாற்றி வாங்கப்படாதிருப்பதற்கு அறிவீனம் காரணமாகாது. விதி தெரிந்தவர் அலுவலகத்திலும், மின்னுக்கு வழியாகும் உடல் கொதிகலத்திலும் இருப்பதே காரணம்.

ஈழத்து மண்ணிலும் இதற்கு இடமுண்டு. பென்சிற்கரி எனப்படும் காரீயம் போகலை, கஹட்டகஹ ஆகிய இடங்களிற் பல நூறு மீற்றர் ஆழத்திலிருந்து எடுக்கப்படுகின்றது. நிலக்கரிச் சுரங்கத்தின் மெதேன் அபாயம் காரீயச் சுரங்கத்துக்கு உரியதன்று. ஆனால் ஊறும் நீரும், மின்னைக் கடத்தும் காரீயத் தூசியும் அங்கு உண்டு. விளக்கின் மூட்டில் அத்தூசி படியுமாயின் அதுவே ஒரு கம்பியாகின்றது. ஓரிடத்துக்கெனச் செய்த காப்பு மற்றோரிடத்திற் காப்பாகாது என்பதை நூலறிவைவிட அவ்விடத்தில் உழைப்பவனின் அனுபவமே விரைவில் உணர்த்தும். வேலைத்தலங்களிற் போதியதும் பொருத்தமானதுமான வெளிச்சம் இருத்தல் வேண்டுமென 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் விதித்தது. ‘போதியது’ என்பதைத் தீர்மானிப்பவர் எவர்? ஒளியைப் பெறுபவரா, அதற்கான பட்டியலைச் செலுத்துபவரா?

தராதரங்களின் போதாமைக்கு மிக வளர்ச்சியடைந்த நாடொன்றிலிருந்தே சான்று தரலாம். 2010 ஏப்பிரல் 5 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவிலுள்ள அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேர் மாண்டனர். அனுமதி பெற்ற விளக்கும் மெதேன் மானியும் சுரங்கங்களிற் சட்டப்படி கட்டாயமாக இருந்த நாடு அது. விசாரணை எதனைக் கண்டது? அபாயங்கள் உற்பத்திக் குறிப்பேட்டில் எழுதப்பட்டன. அரசாங்கப் பரிசோதகர் பார்க்கும் ஏட்டில் எழுதப்படவில்லை. பரிசோதகர் வாயிலில் நுழைந்தவுடன் சுரங்கத்துக்குள் எச்சரிக்கை அனுப்பப்பட்டது. கரி வெட்டும் பொறியில் தீப்பொறியை அடக்கவேண்டிய நீர்த்தூவிகள் பழுதுபட்டிருந்தன. கம்பனியின் தலைமை நிறைவேற்று அதிகாரியாயிருந்தவர், பாதுகாப்பு விதிகளை மீறச் சதிசெய்தார் என 2015 இற் குற்றவாளியாகக் காணப்பட்டார். விதிக்கப்பட்டது ஓராண்டுச் சிறை. 1767 இல் நியூகாசில் பத்திரிகையிடம் கேட்கப்பட்ட மௌனம், 2010 இல் இரட்டை ஏடாக உருமாறியிருந்தது. இரண்டு நூற்றாண்டுகளில் விளக்கு எவ்வளவோ மாறிற்று. ஏடு எழுதுபவனின் கை மாறவில்லை.

திரும்பி நடக்கும் உரிமை

இதுவரை கூறியவற்றிலிருந்து, விளக்கு வேண்டாமென்றோ விஞ்ஞானம் வீணென்றோ முடிவுகொள்வது பேதைமை. டேவியின் வலையும் ஸ்டீவன்சனின் துணிவும் தீத்தாங்கு உறையும் மனித அறிவின் அரும்பேறுகளே. ஆனால் கருவி எவர் கையில், எந்த உறவுகளுக்குள், எதன்பொருட்டுப் பயன்படுகின்றது என்று கேளாது கருவியை மாத்திரம் போற்றுவது, அக்கருவியைக் கொண்டு இலாபமீட்டுவோரின் புகழ்மாலையைத் தொடுப்பதாகவே முடியும். பொறியியற் பீடத்தில் விளக்கின் அமைப்புக் கற்பிக்கப்படுகின்றது. கலைப் பீடத்தில் விளக்கு உருவகமாகின்றது. அவ்விளக்கை ஏந்தி நிற்பவன் இரண்டு பீடங்களின் பாடத்திட்டத்துக்கும் வெளியே நிற்கின்றான். பல்கலைக்கழகத்தின் வெட்கங்களுள் இதுவும் ஒன்று.

காப்பு விளக்கைக் காப்பாக்கும் ஒன்றுண்டு: ஆபத்தைக் கண்டவன் கூலியையும் வேலையையும் இழவாது திரும்பி நடக்கும் உரிமை. இது கற்பனைக் கோரிக்கையன்று. சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் 1981 ஆம் ஆண்டின் 155 ஆம் இலக்கச் சமவாயம், உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியானதும் கடுமையானதுமான ஆபத்து உண்டென நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தகாத விளைவுகளிலிருந்து பாதுகாக்க வேண்டுமெனத் தன் 13 ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. 1995 ஆம் ஆண்டின் 176 ஆம் இலக்கச் சமவாயம் இவ்வுரிமையைச் சுரங்கத் தொழிலாளருக்கெனவே தனித்து எடுத்துரைக்கின்றது. 2022 இல் 155 ஆம் சமவாயம் தாபனத்தின் அடிப்படைச் சமவாயங்களுள் ஒன்றாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் தத்துவத்தை மதிக்கும் கடப்பாடு உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் உண்டு. இலங்கை 1948 முதல் உறுப்பு நாடு.

ஏட்டிலுள்ள இவ்வுரிமை வேலைத்தலத்துக்கு வரவேண்டுமாயின் சில கருமங்கள் நிறைவேற வேண்டும். விளக்கின் முத்திரைக்கான பொருள், அதன் கீழ் உழைப்போரின் மொழியில், சுவரில் எழுதப்பட வேண்டும். அவர்களாலே தெரியப்பட்ட பரிசோதகர், முன்னறிவித்தலின்றி எவ்விடத்தையும் பார்க்கவும், பார்த்ததை எல்லோரும் வாசிக்கும் ஒரே ஏட்டில் எழுதவும் உரிமை பெற வேண்டும். ஈர இடத்துக் கைவிளக்குக் குறைந்த மின்னழுத்தத்திலேயே எரிய வேண்டும். அவ்வாறு எரியாதபோது வேலையை நிறுத்துபவனின் நாட்கூலி பிடிக்கப்படலாகாது. இவற்றுள் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. 1872 இலேயே அரைகுறையாக ஒப்புக்கொள்ளப்பட்ட நீதியை முழுமையாக்கினாற் போதும்.

பெலிங் சுரங்கத்தில் மாண்ட 92 பேரின் பெயர்களை ஒரு மதகுரு அச்சிட்டார், விளக்குப் பிறந்தது. அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் மாண்ட 538 பேருக்கும் விளக்குக் குறைவாயிருக்கவில்லை. வெளியேறும் வழியில், ‘இன்று வேலை செய்ய முடியாது’ என்று சொல்லி உயிருடனும் கூலியுடனும் வீடு திரும்பும் உரிமையே குறைவாயிருந்தது. அவ்வுரிமை கிடைக்கும் வரையில், சுரங்கவாயில் ஏற்றப்படும் எந்த விளக்கையும் மங்கல விளக்கென அழைப்பதற்கில்லை.